டிராஃப்ட் லாட்டரியில் முறைகேடா என்ற கேள்விக்கு விளையாட்டு அதிகாரி எப்படிப் பதில் சொல்ல வேண்டும்?

2025 மே 12 அன்று சிகாகோவில் நடந்த, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் டிராஃப்ட் லாட்டரியில், புதிய ஆட்டக்காரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் முதலிடம் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்குக் கிடைத்தது. அந்த அணிக்கு இருந்த வாய்ப்பு வெறும் 1.8 சதவீதம். அதே அணிதான் அந்தப் பிப்ரவரியில் தன் தலைசிறந்த ஆட்டக்காரரான லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊர் ரசிகர்களின் கோபத்துக்கு ஆளாகியிருந்தது. மூன்றே மாதத்தில் கூப்பர் ஃபிளாக் என்ற, அந்த ஆண்டில் எல்லா அணிகளும் கண் வைத்திருந்த இளைஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கே வந்து சேர்ந்தபோது, டோன்சிச்சைக் கொடுத்ததற்கு இது கைம்மாறா என்று மக்கள் கேட்டதில் வியப்பில்லை. மக்கள் கேட்பதைச் செய்தியாளர் கேட்கிறார். அந்தக் கேள்வியை மேடையில் எதிர்கொள்ளப் போகும் லீக் அதிகாரிக்கும், ஊடகத் தொடர்பாளருக்கும், அணி நிர்வாகிக்கும் உதவக்கூடிய சில நடைமுறைகளை இங்கே சொல்கிறேன். குலுக்கல் நேர்மையாக நடந்தது என்று உறுதியாக அறிந்தவருக்கு மட்டுமே இவை பயன்படும். உள்ளே ஏதேனும் தவறு நடந்திருந்தால் அதைச் சொல்வதைத் தவிர வேறு பதில் கிடையாது.

விளையாட்டைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். பின்தங்கிய அணிகள் முன்னேற வேண்டும் என்பதற்காக அவற்றுக்கு முன்னிடம் கொடுக்கப்படுகிறது. ஆனால் கடைசி இடத்துக்கு நேரடியாக முதல் பரிசு என்று வைத்தால், வேண்டுமென்றே தோற்கும் பழக்கம் வளரும். 1984 வரை இரு பிரிவுகளிலும் கடைசியாக வந்த இரண்டு அணிகளுக்கிடையே நாணயம் சுண்டி முதலிடத்தைத் தீர்மானித்தார்கள். 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கே முதலிடம் கிடைத்ததும், அந்த அணி வேண்டுமென்றே தோற்றது என்ற குற்றச்சாட்டு எழுந்ததும் 1985இல் முதலிடத்தைக் குலுக்கலில் தீர்மானிக்கும் லாட்டரி முறை வரக் காரணமாயின.

எந்த அதிகாரியும் மேடையேறுவதற்கு முன் அந்த 1985ஆம் ஆண்டுக் குலுக்கலின் காணொளிக் காட்சியை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கேள்வி கேட்பவர் அதைப் பலமுறை பார்த்திருப்பார். நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் ஏழு அணிகளின் சின்னங்கள் வைத்த ஏழு உறைகளைக் கணக்குத் தணிக்கை நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஒவ்வொன்றாகக் கண்ணாடி உருளைக்குள் போடுகிறார். ஓர் உறை மட்டும் உருளையின் பக்கவாட்டில் மோதி, அதன் மூலை மடங்குவதுபோலத் தெரிகிறது. ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் கையை விட்டு எடுத்த உறையில் இருந்தது நியூயார்க் நிக்ஸ் அணியின் சின்னம். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் யூயிங் என்ற பெரிய நட்சத்திரம் நாட்டின் மிகப்பெரிய தொலைக்காட்சிச் சந்தைக்கே போனார். உறையின் மூலை மடிக்கப்பட்டிருந்தது என்று சிலரும், உறையைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்ததால் தொட்டதும் அடையாளம் தெரிந்தது என்று சிலரும் இன்றுவரை சொல்லி வருகிறார்கள். இவற்றுக்கு எந்த ஆதாரமும் வெளிவந்ததில்லை. ஆனால் எதையும் காணாமல் கையால் எடுத்தார் என்பதற்கும் அந்தக் காட்சியில் உறுதி கிடையாது என்பதை அதிகாரி மனத்தில் கொள்ள வேண்டும். சந்தேகப்படுபவரை முட்டாளாக நினைக்காமல் பேச இந்தப் புரிதல் உதவும்.

அப்படி நினைத்துப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஸ்டெர்னே எடுத்துக்காட்டு. 2012 மே மாதம் நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணிக்கு முதலிடம் கிடைத்தது. வேறு உரிமையாளர் இல்லாததால் 2010 டிசம்பர் முதல் அந்த அணியை நடத்தி வந்தது என்பிஏ நிர்வாகமே. டாம் பென்சனுக்கு அதை விற்க ஒப்புக்கொண்ட சில வாரங்களிலேயே ஆண்டனி டேவிஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் அந்த அணிக்குக் கிடைக்கும் நிலை வந்தது. ஜூன் மாதம் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் அதன் தொகுப்பாளர் ஜிம் ரோம் குலுக்கலில் ஏதும் ஏற்பாடு இருந்ததா என்று கேட்டார். ஸ்டெர்ன் முதலில் இல்லை என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அது நல்ல தொடக்கம். அவர் நிறுத்தாமல், இதைக் கேட்டதற்கு வெட்கப்பட வேண்டும் என்று கேட்டவரைச் சாடினார். பிறகு, மனைவியை அடிப்பதை நிறுத்திவிட்டீர்களா என்று திருப்பிக் கேட்டு, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது என்று காட்ட முயன்றார். மறுநாள் செய்தியாக நின்றது அந்தச் சீற்றம்தான். குலுக்கல் எப்படி நடந்தது என்பது யாருக்கும் போய்ச் சேரவில்லை. எனக்கு இது மிகவும் வருத்தமாகவே படுகிறது, ஏனென்றால் சொல்வதற்கு அவரிடம் நல்ல விவரங்கள் இருந்தன. ஹார்னெட்ஸுக்கு இருந்த வாய்ப்பு 13.7 சதவீதம், நான்காவது பெரிய வாய்ப்பு. 66 ஆட்டங்களில் ஏழை மட்டுமே வென்று மிக மோசமாக விளையாடிய சார்லட் அணிக்கு இருந்ததே 25 சதவீதம்தான்.

ஆகவே பதிலின் முதற்சொல் "இல்லை" என்பதாக இருக்கட்டும். அதைச் சாதாரணக் குரலில், சிரிப்போ சலிப்போ இல்லாமல் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்திலேயே குலுக்கல் நடந்த விதத்துக்கு வந்துவிடுங்கள். "நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல" என்பது குணத்தைப் பற்றிய பேச்சு. கேட்பவருக்கு உங்கள் குணம் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பந்துகளும் அறையும் சாட்சிகளும் அவர் சரிபார்க்கக் கூடியவை.

அந்த விவரத்தை ஒரு நிமிடத்துக்குள் பிசகின்றிச் சொல்ல வரவேண்டும். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "இல்லை. 1 முதல் 14 வரை எண் போட்ட 14 பந்துகள் இயந்திரத்துக்குள் போகின்றன. அவற்றிலிருந்து நான்கு பந்துகள் எடுக்கப்படுகின்றன. வரிசை பாராமல் நான்கு எண்கள் சேரும் விதங்கள் 1,001. அவற்றில் 1,000 சேர்க்கைகள் குலுக்கலுக்கு முன்பே அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிடுகின்றன. மீதி ஒன்று வந்தால் மறுபடி எடுப்போம். டல்லாஸிடம் இருந்தவை 18 சேர்க்கைகள். முதல் பந்து 20 விநாடி கலக்கிய பிறகும், அடுத்தவை 10 விநாடி இடைவெளியிலும் எடுக்கப்பட்டன. எப்போது எடுக்க வேண்டும் என்று கையுயர்த்திக் காட்டியவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். அணிகளின் பிரதிநிதிகளும், தணிக்கை நிறுவனத்தைச் சேர்ந்தவரும், உங்கள் துறையைச் சேர்ந்த செய்தியாளர்களும் அதே அறையில் இருந்தார்கள். அவர்களைக் கேளுங்கள்." கடைசி இரண்டு சொற்கள்தாம் இதில் முக்கியமானவை. உங்களை நம்பச் சொல்லாமல், தோற்ற அணிகளின் ஆட்களையும் போட்டிப் பத்திரிகைக்காரர்களையும் கேட்கச் சொல்கிறீர்கள். முதுகைக் காட்டி நிற்பவரைப் பற்றிய செய்தியை விட்டுவிடாதீர்கள். சிறிய விவரம்தான், ஆனால் ஏமாற்ற முடியாதபடி யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்பவர் தாமே உணர அதுபோல் வேறொன்று உதவாது.

எண்களைப் பற்றிப் பேசும்போதுதான் பெரும்பாலான அதிகாரிகள் சறுக்குகிறார்கள். 1.8 சதவீதம் நடக்கக் கூடியதுதான் என்று சொல்லிவிட்டு நகர்வது போதாது. அது சமாளிப்பதாகவே காதில் விழும். அரிதாக நடப்பதுதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு கேள்வியைச் சற்று அகலப்படுத்துங்கள். 2019இல் வந்த அட்டவணைப்படி மிகப் பின்தங்கிய மூன்று அணிகளுக்குத் தலா 14 சதவீதமும், அதன்பின் வரிசையாகக் குறைந்து பதினான்காவது அணிக்கு அரை சதவீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன. இதில் பத்தாம் இடம் முதல் பதினான்காம் இடம் வரையுள்ள ஐந்து அணிகளின் வாய்ப்புகளைக் கூட்டினால் 8 சதவீதம் வரும். அந்த ஐந்தில் ஏதோ ஓர் அணி முதலிடம் பெறுவது சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய நிகழ்ச்சி. டல்லாஸ் என்ற குறிப்பிட்ட அணி வெல்வது அரிது. டல்லாஸ் போன்ற ஏதோ ஓர் அணி என்றேனும் வெல்வது எதிர்பார்க்க வேண்டியது. இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாதவர் அந்த மேடைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

பழைய பட்டியலும் கையில் இருக்கட்டும். 1993இல் ஆர்லாண்டோ மேஜிக் 66இல் ஒரே ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடம் பெற்றது, அதுவும் முந்தைய ஆண்டே முதலிடத்தில் ஷகீல் ஓ'நீல் என்ற பெரிய ஆட்டக்காரரைப் பெற்றிருந்த நிலையில். 2008இல் சிகாகோ புல்ஸ் 1.7 சதவீதத்தில் வென்று உள்ளூர்க்காரரான டெரிக் ரோஸைத் தேர்ந்தெடுத்தது. 2014இல் கிளீவ்லண்ட் அதே 1.7 சதவீதத்தில் வென்றது, நான்கு ஆண்டுகளில் மூன்றாவது முறையாக. இந்தப் பட்டியலைச் செய்தியாளர் முறைகேட்டுக்கு ஆதாரமாக நீட்டுவதற்கு முன் நீங்களே எடுத்துச் சொல்வது நல்லது. ஆர்லாண்டோவின் வெற்றிக்குப் பிறகு லீக் சும்மா இருக்கவில்லை, பின்தங்கிய அணிகளுக்குச் சாதகமாக விதியையே மாற்றியது என்பதையும் அப்போது சேர்த்துச் சொல்லலாம்.

முன்பு சொன்ன 2019 விதி எதற்காக வந்தது என்பதையும் தயங்காமல் விளக்க வேண்டும். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்கவே கடைசி இடத்தின் வாய்ப்பு 25 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பொருள், மிக மோசமாக விளையாடிய அணி நூற்றுக்கு 86 தடவை முதலிடம் பெறாது என்பதே. 2025இல் கடைசியாக வந்த யூட்டா ஜாஸ் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதும் அந்த ஊர் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் கடைசி அணிக்கு ஐந்தாம் இடம் கிடைக்க ஏறக்குறைய 48 சதவீத வாய்ப்பு உண்டு. வேறெந்த இடத்தைக் காட்டிலும் அதுதான் அதிகம். இதைக் குலுக்கலுக்கு முந்தைய வாரமே ஊடகங்களில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. முடிவு வந்த பிறகு சொல்லும் நிகழ்தகவு சாக்குப்போக்காகவே தோன்றும்.

இனி மூடிய அறை. இதுதான் மிகக் கடினமான கேள்வி, இதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் சங்கடமானது. என்பிஏ லாட்டரியில் உண்மையான குலுக்கல் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு முன்பே தனி அறையில் முடிந்துவிடுகிறது. அங்கிருப்பவர்களின் கைப்பேசிகள் வாங்கி வைக்கப்படுகின்றன; ஒளிபரப்பு முடியும்வரை அவர்கள் வெளியே வர முடியாது. மக்கள் நேரடியாகப் பார்ப்பதெல்லாம் உறைகளிலிருந்து சின்னங்கள் உள்ள அட்டைகளை எடுத்துக் காட்டும் சடங்கைத்தான். ஏன் நேரலையில் பந்துகளைக் காட்டவில்லை என்று கேட்டால், முடிவைப் பதினான்கிலிருந்து ஒன்று வரை படிப்படியாக வெளியிடுவது நிகழ்ச்சிக்குச் சுவை சேர்க்கிறது, பந்துகள் முதலிடத்தை முதலில் சொல்லிவிடும் என்ற உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். பாதுகாப்பு, மரபு என்று வேறு காரணம் தேடாதீர்கள். பதிவு செய்த காணொளி அன்றிரவே வெளியிடப்படுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல் 2025இல் தன் குலுக்கலை நேரலையிலேயே நடத்தியது. பத்தாம் இடத்திலிருந்த நியூயார்க் ஐலண்டர்ஸ் 3.5 சதவீத வாய்ப்பில் வென்றது. அதைச் சுட்டிக்காட்டி நீங்களும் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டால், "செய்யலாம், அது நிர்வாகத்தின் பரிசீலனைக்கு உரியது" என்று ஒப்புக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை. அப்படிச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே மேலிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குலுக்கல் நேர்மையாக நடப்பது ஒன்று, நேர்மையாக நடக்கிறது என்று எல்லாரும் காண நடப்பது வேறு. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இதை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்புப் பெருகுகிறது. ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்படும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில்தான் ஏந்திக்கொள்ள வேண்டும். அவர் உரக்க வாசித்ததை அங்கிருக்கும் பூசாரிகள் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும். விரித்த விரல்கள் என்ற அந்த ஒரு நிபந்தனை 1985இல் இருந்திருந்தால் மடங்கிய உறையைப் பற்றிய பேச்சில் பாதி எழுந்திருக்காது. தங்கள் நடைமுறையை விளக்க வரும் எந்த அதிகாரியும் தம்மிடம் அந்த விரித்த கை எது என்று ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

லீகுக்கு முடிவில் சொந்த நலன் இருந்தால், அதை யாரும் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். 2012இல், "இந்த அணி எங்கள் நிர்வாகத்தில் இருந்தது, விற்பனை ஒப்பந்தம் குலுக்கலுக்கு முன்பே முடிந்துவிட்டது, ஆகவே மக்கள் கேட்பது நியாயம்" என்று தொடங்கியிருக்கலாம். நலன் இருந்தது என்பதும் அந்த நலனுக்காக ஏமாற்றினார்கள் என்பதும் வேறுவேறு. முதலாவதை ஒப்புக்கொண்டவர் இரண்டாவதை மறுத்தால் கேட்பவர் காது கொடுப்பார். இரண்டையும் சேர்த்து மறுத்தால் இரண்டையும் நம்பமாட்டார்.

காரணம் கற்பிக்கும் கதைகளோடு வாதாடாதீர்கள். எந்த அணி வென்றாலும் அதற்கொரு கதை கிடைக்கும்: பெரிய நகரமென்றால் தொலைக்காட்சி வருமானம், சிறிய நகரமென்றால் நலிந்த அணிக்கு உதவி, நட்சத்திரத்தை இழந்த அணியென்றால் ஆறுதல் பரிசு. ஒவ்வொரு கதையையும் தனித்தனியாக மறுக்கத் தொடங்கினால் மாலை முழுவதும் அதுவே ஓடும், நீங்கள் உச்சரித்த குற்றச்சாட்டே தலைப்புச் செய்தியாகும். "டோன்சிச்சைக் கொடுத்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று சொல்வதைவிட, "அந்த அறையில் இதைச் செய்ய வேண்டுமென்றால் பிற அணிகளின் பிரதிநிதிகளும் உடந்தையாக இருந்திருக்க வேண்டும், இதனால் நட்டமடைந்தவர்கள் அவர்கள்தான்" என்று சொல்வது உறுதியான பதில்.

எங்கள் நேர்மையில் என்றுமே கறை படிந்ததில்லை என்ற பெருமிதத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2007இல் என்பிஏ நடுவர் டிம் டோனகி தாம் நடுவராக இருந்த ஆட்டங்களின் மீதான சூதாட்டம் தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பின்னர் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதை நினைவில் வைத்திருக்கும் செய்தியாளர் அறையில் ஒருவராவது இருப்பார். அந்த விவகாரத்தின்போது ஸ்டெர்ன் செய்தியாளர்களை நேரில் சந்தித்து, தம் அனுபவத்திலேயே மிக மோசமான நிலைமை இது என்று ஒளிவின்றிச் சொன்னார். 2012இல் அவர் பேசியதோடு ஒப்பிட்டால் அந்த அணுகுமுறை எவ்வளவோ மேல்.

வேண்டுமென்றே தோற்பது பற்றிய கேள்வியையும் குலுக்கல் பற்றிய கேள்வியையும் கலக்கவிடக்கூடாது. முதலாவதில் உண்மையான தவறுகள் நடந்துள்ளன. அப்போது டல்லாஸ் உரிமையாளராக இருந்த மார்க் கியூபனுக்கு, தோற்பதே நல்லது என்று ஆட்டக்காரர்களிடம் சொன்னதாக வெளிப்படையாகப் பேசியதற்கு 2018இல் 6 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டால், "இரண்டு கேள்விகள், தனித்தனியாகச் சொல்கிறேன்" என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வென்ற அணியின் நிர்வாகிக்கு வேறொரு எச்சரிக்கை. மகிழ்ச்சியில் இருப்பவர் வாயில்தான் வேண்டாத சொல் வரும். மேலே இருப்பவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது போன்ற விளையாட்டுப் பேச்சு, முன்பின் இல்லாமல் துண்டாக வெட்டப்பட்டு இருபது ஆண்டுகள் சுற்றிவரும். குலுக்கலைப் பற்றிய கேள்விகளை லீகிடம் கேளுங்கள், எங்கள் பிரதிநிதி அறையில் இருந்தார், அவர் கண்டதைச் சொல்வார் என்பது போதும்.

இவையெல்லாம் மேடையில் தாமாக வராது. குலுக்கலுக்கு முன்தினமே ஒரு பக்கத்தில் சேர்க்கைகளின் பங்கீடு, சாட்சிகளாக இருக்கப் போகிறவர்களின் பட்டியல், இயந்திரத்தையும் பந்துகளையும் யார் எப்போது சோதித்தார்கள் என்ற விவரம் ஆகியவற்றை எழுதி வைத்து, எந்த அணி வென்றாலும் அதற்கு எழக்கூடிய மிகக் கூர்மையான கேள்வி எது என்று பதினான்கு அணிகளுக்கும் எழுதிப் பாருங்கள். உங்கள் அலுவலகத்திலேயே சற்று முரட்டுத்தனமாகப் பேசக்கூடிய ஒருவரைக் கேட்க வைத்து, கோபம் வராமல் பதில் சொல்லும்வரை பழகுங்கள். எடுக்கப்பட்ட நான்கு எண்களை வரிசையோடு எழுத்தில் கொடுங்கள். தெரியாத விவரத்தைக் கேட்டால் ஊகித்துச் சொல்லாமல், கேட்டவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு அன்றிரவே விடையை அனுப்பிவைத்து, அதே விடையை அறையிலிருந்த மற்ற எல்லாச் செய்தியாளர்களுக்கும் அனுப்புங்கள்.